கோப்பையில் படம் ஏறிய கதை: மக் பிரஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

"சார், மக் பிரிண்டிங் தொழில் தொடங்கலாம்னு இருக்கேன். எந்த ஹீட் பிரஸ் வாங்கலாம்?" என்று கேட்டுச் செய்தி அனுப்பும் பழைய மாணவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். சிலர் வேலையை இழந்தவர்கள். சிலர் குழந்தை பிறந்த பிறகு வெளியே வேலைக்குப் போக முடியாமல், வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய நினைக்கும் பெண்கள். நகையை அடகு வைத்துப் பணம் புரட்டியவர்களும் உண்டு. வரலாற்று வாத்தியாரிடம் கேட்கும் கேள்வியா இது என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சின்ன மெஷினுக்குப் பின்னால் ஏறத்தாழ 270 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். காகிதம் தட்டையானது, கோப்பை வளைந்தது. தட்டையான அச்சுப் பலகையை வளைந்த பீங்கான் மேல் வைத்து அழுத்த முடியாது. அழுத்தினால் ஓரிடத்தில் மட்டும் படும், இல்லையென்றால் கோப்பை உடையும். அதனால்தான் புத்தக அச்சு வந்து முந்நூறு ஆண்டுகள் ஆன பிறகும் ஐரோப்பாவில் பீங்கான் மேல் தூரிகையால் கையில்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். நூறு கோப்பை வேண்டுமென்றால் ஒரே படத்தை நூறு முறை வரைய வேண்டும்.

இதற்கு விடை 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் கிடைத்தது. நேராகக் கோப்பையில் அச்சடிக்காதே, முதலில் காகிதத்தில் அச்சடி, ஈரம் காயும் முன் அந்தக் காகிதத்தைக் கோப்பையில் ஒட்டித் தேய், மை பீங்கானுக்கு மாறிவிடும், பிறகு சூளையில் சுடு. தட்டையான செப்புத் தகட்டுக்கும் வளைந்த கோப்பைக்கும் நடுவே வளையக்கூடிய காகிதம் ஒன்று தூது போனது. இன்று நம் ஊர் மக் பிரிண்டிங் கடையில் நடப்பதும் அடிப்படையில் இதுதான்.

யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதில் சண்டை உண்டு. ஜான் புரூக்ஸ் என்ற அயர்லாந்துக்காரர், செப்புத் தகட்டில் படம் செதுக்குபவர், 1751-இல் பர்மிங்காமிலிருந்து காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. விடாமல் மறுபடியும் விண்ணப்பித்தார். பிறகு லண்டனுக்கு வந்து, 1753-இல் பேட்டர்சீ என்ற இடத்தில் கூட்டாளிகளோடு எனாமல் பொருள்களில் அச்சிடும் தொழிற்கூடம் தொடங்கினார். கூட்டாளிகளில் ஒருவர் ஸ்டீபன் தியோடர் ஜான்சென், 1754-இல் லண்டன் மாநகர மேயரானவர். யோசனை இருந்தது, பணம் இருந்தது, செல்வாக்கும் இருந்தது. ஆனாலும் 1756-இல் அந்தத் தொழிற்கூடம் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. மூன்றே ஆண்டு.

அதே 1756-இல் லிவர்பூலில் வேறொரு கதை நடந்தது. ஜான் சாட்லர் ஓர் அச்சகக்காரர். கை கிரீன் அவருடைய கூட்டாளி. சாட்லர் வீணான அச்சுத் தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தாராம். அவர்கள் அதை உடைந்த பீங்கான் துண்டுகளில் ஒட்டி விளையாடியதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ இல்லையோ, அதற்குப் பிறகு நடந்தது ஆவணத்தில் இருக்கிறது.

1756 ஜூலை 27-ஆம் நாள், காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, இவர்கள் இருவர் மட்டும், வேறு யார் உதவியும் இல்லாமல், சுவரில் பதிக்கும் பீங்கான் ஓடுகள் 1,200-க்கும் மேல் அச்சிட்டார்கள். ஆகஸ்ட் 2-ஆம் நாள் அதைச் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். கைதேர்ந்த ஓவியர்கள் 100 பேர் சேர்ந்தாலும் அதே நேரத்தில் இவ்வளவு எண்ணிக்கையில், இவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்க முடியாது என்பது அதன் சாரம். பீங்கான் தொழில் தெரிந்த இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மணி நேரத்தில் 1,200 என்றால் மணிக்கு 200. ஆளுக்கு 100. அதாவது ஓர் ஓட்டுக்கு 36 விநாடி. இன்று ஒரு மக் பிரஸ் வைத்திருப்பவர் காகிதத்தை ஒட்டி, மூன்று நிமிடம் அழுத்தி, எடுத்து, ஆறவிட்டு, அடுத்ததை வைக்கும்போது மணிக்குப் பத்து மக் முடித்தாலே நல்ல வேகம்தான்.

அந்தப் பிரமாணத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது இதைத்தான். இந்த முறையைக் கண்டுபிடித்துச் சீர்படுத்த ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆறு மணி நேர வெற்றிக்குப் பின்னால் ஏழு ஆண்டுச் சோதனை. மை எவ்வளவு கெட்டி, தகடு எவ்வளவு சூடு, காகிதம் எவ்வளவு ஈரம், சூளையில் எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கிறார்கள். காப்புரிமை எடுத்தால் செய்முறையை வெளியே சொல்ல வேண்டும். அதனால் அதையும் எடுக்காமல் ரகசியமாகவே வைத்துக்கொண்டார்கள்.

இவர்களிடம் வந்து சேர்ந்த பெரிய வாடிக்கையாளர்தான் ஜோசையா வெட்ஜ்வுட். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் தாய்வழித் தாத்தா. ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் வெண்ணெய் நிறப் பாத்திரங்கள் செய்துகொண்டிருந்தவர். 1760-களில் தொடங்கி, அந்தக் காலத்துக் குண்டும் குழியுமான பாதைகளில் பீங்கான்களை லிவர்பூலுக்கு அனுப்பி, சாட்லர் - கிரீன் கூடத்தில் அச்சிட்டு வாங்கினார். சொந்தமாக ஓர் அச்சுப் பொறி வாங்க அவரிடம் பணம் இல்லாமலா? பொறி எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் வரும் வேலைதான் கிடைக்காது. அவர் விலை கொடுத்தது அதற்குத்தான் என்பது என் கருத்து.

வெட்ஜ்வுட் செய்த இன்னொரு வேலை நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது. சூளையின் வெப்பத்தை அந்தக் காலத்தில் கண்ணால் பார்த்துத்தான் சொல்வார்கள். தீ சிவப்பாக இருக்கிறதா, ஆரஞ்சாக இருக்கிறதா, வெள்ளையாக இருக்கிறதா என்று. அனுபவசாலி ஒருநாள் வரவில்லை என்றால் ஒரு சூளைச் சரக்கே வீண். இதற்கு அவர் ஒரு கருவி செய்தார். களிமண் சூட்டில் சுருங்கும், சூடு கூடக் கூட அதிகமாகச் சுருங்கும். ஒரே அளவான சிறு களிமண் உருளைகளைச் சூளைக்குள் வைத்து எடுத்து, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் உள்ள பித்தளைச் சட்டங்களுக்கு நடுவே நகர்த்திப் பார்த்தார். எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு சூடு. 1782-இல் இதை லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரையாக அளித்தார். அடுத்த ஆண்டே அதன் உறுப்பினரானார்.

இதில் ஒரு வேடிக்கை. அவருடைய அளவை பாரன்ஹீட்டுக்கு மாற்றிய கணக்கு படுதவறு. வார்ப்பிரும்பு உருகும் வெப்பம் அவர் கணக்கில் ஏறத்தாழ 18,000 டிகிரி பாரன்ஹீட். உண்மையில் 2,200 அளவில்தான். அப்படியும் அந்தக் கருவி பயன்பட்டது. ஏன்? சென்ற வாரம் நல்ல சரக்கு வந்தபோது உருளை எந்தக் கோட்டில் நின்றதோ, இந்த வாரமும் அதே கோட்டில் நின்றால் போதும். எண் தவறாக இருக்கலாம், ஆனால் மாறாமல் இருக்க வேண்டும். மக் பிரஸ் வாங்குகிறவர்கள் இந்த வரியை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினின் திரையில் 190 என்று காட்டும்போது உள்ளே 183 இருந்தால் சமாளித்துவிடலாம். காலையில் 183, மதியம் 200, இடது ஓரத்தில் 170 என்று இருந்தால் சமாளிக்க முடியாது.

வரலாற்றைத் தொடர்வோம். சாட்லர் காலத்துப் படம் பீங்கானின் கண்ணாடிப் பூச்சுக்கு மேலே இருந்தது. நாள்பட்டால் தேயும். 1784 வாக்கில் ஜோசையா ஸ்போட் பூச்சுக்குக் கீழே நீல நிறத்தில் அச்சிடும் முறையைச் செம்மைப்படுத்தினார். முதலில் படம், அதன் மேல் பூச்சு, பிறகு சூளை. படத்தின் மேல் கண்ணாடி போட்டது போல. அந்தக் கடுஞ்சூட்டைத் தாங்கிய சாயம் கோபால்ட் நீலம். பழைய ஆங்கிலப் பீங்கான் தட்டுகளில் நீலம் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அழகுக்காக மட்டும் வந்த நிறம் அல்ல, சூளை அனுமதித்த நிறம். அந்தத் தொழிற்சாலைகளில் காகிதத்தை வெட்டியவர்களும் கோப்பையில் சுருக்கமில்லாமல் ஒட்டித் தேய்த்தவர்களும் பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள். வரலாற்றுப் புத்தகத்தில் ஸ்போட் பெயர் இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை.

பிறகு தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீக்கால் தாள்கள் வந்தன. அவற்றை ஒட்டிய பிறகும் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்துக் குர்ஜா பீங்கான்களில் இந்த முறையை இன்றும் பார்க்கலாம். சூளை இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஒரே ஒரு கோப்பைக்காக யாரும் தாள் அச்சடித்துச் சூளை மூட்டவும் மாட்டார்கள். பேரப்பிள்ளையின் படம் போட்ட ஒரே ஒரு கோப்பை என்பது அப்போது கனவுதான்.

அந்தக் கனவை நனவாக்கியது பீங்கான் தொழில் அல்ல, துணித் தொழில். 1941-இல் மான்செஸ்டரின் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன் என்ற துணி அச்சு நிறுவனத்தின் வேதியியலாளர்கள் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். பருத்திக்குப் போடும் சாயம் அதில் ஏறவில்லை. தண்ணீரில் எளிதில் கரையாத ஒரு வகைச் சாயம்தான் ஏறியது. 1957-இல் பிரான்சில் நோயல் டி பிளாஸ் என்பவர், அந்தச் சாயங்கள் 200 டிகிரி அளவில் திடநிலையிலிருந்து நேராக ஆவியாகிப் பாலியஸ்டருக்குள் புகுவதைக் கவனித்தார். அப்படியானால் காகிதத்தில் அச்சடித்துத் துணிமேல் வைத்துச் சூடாக அழுத்தினால் போதுமே! சாட்லரின் காகிதத் தூது மறுபடியும் வந்துவிட்டது.

பள்ளியில் படித்திருப்பீர்கள், பதங்கமாதல். டப்பாவில் வைத்த கற்பூரம் உருகாமலேயே இளைத்துப் போகுமே, அதுதான். கடைக்காரர்கள் சொல்லும் "சப்ளிமேஷன்" இதுவே.

ஆனால் பீங்கான் பாலியஸ்டர் இல்லையே? அதன் பூச்சு கண்ணாடி. அதற்குள் சாயம் புகாது. அதனால் மக் மேல் மெல்லிய பாலிமர் பூச்சு ஒன்றைப் பூசிச் சுட்டுத் தருகிறார்கள். சூடானதும் அந்தப் பூச்சு இளகுகிறது, சாய ஆவி உள்ளே போகிறது, ஆறியதும் பூச்சு இறுகிச் சாயம் சிக்கிக்கொள்கிறது. சாதாரண டீ மக் வாங்கி வைத்து அழுத்தினால் ஒன்றும் நிற்காததற்குக் காரணம் இதுதான். இந்தச் சாயத்தில் வெள்ளை நிறம் கிடையாது என்பதால்தான் வெள்ளை மக் தேவைப்படுகிறது. சூளையில் சுட்ட பழைய கோபால்ட் நீலம் 200 ஆண்டு நிற்கும். இது அப்படியல்ல. கடும் வெயிலும் கம்பி நாரும் இதற்கு ஆகாது. வாங்குபவரிடம் அதைச் சொல்லியே விற்பது மரியாதை.

இனி மெஷினுக்கு வருவோம். மக் பிரஸ் என்பது சிலிக்கான் ரப்பருக்குள் வெப்பக் கம்பி வைத்த ஒரு பட்டை, அதை மக்கைச் சுற்றி இறுக்க ஒரு பிடி, வெப்பத்தையும் நேரத்தையும் கட்டுப்படுத்த ஒரு பெட்டி. அவ்வளவுதான். செய்ய வேண்டிய வேலை மூன்று. ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பம், மூன்று நிமிட அளவில் நேரம், சாய ஆவி பக்கவாட்டில் தப்பாதபடி சீரான அழுத்தம். சரியான அளவு மை, தாள், மக் மூன்றையும் பொறுத்து மாறும். ஆகவே, நல்ல பிரஸ்ஸுக்கு என் இலக்கணம் ஒன்றே: முதல் மக் எப்படி வந்ததோ, ஐந்நூறாவதும் அப்படியே வர வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க, இந்தத் தொழிலில் இருக்கும் மாணவர்களிடம் கேட்டும் பார்த்தும் தொகுத்த சில வழிகள்:

1. கடையில் மாதிரி மக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது நூற்றில் தேர்ந்தெடுத்த ஒன்றாக இருக்கலாம். உங்கள் மக், உங்கள் தாளோடு போங்கள். கைப்பிடியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே சாம்பல் நிறப் பட்டையை அச்சடித்துப் பாருங்கள். முகப் படத்தில் ஒளிந்துகொள்ளும் குறை சாம்பல் பட்டையில் ஒளிய முடியாது. ஓரம் வெளிறினால் பட்டை சீராகச் சூடாகவில்லை. அடுத்துக் கறுப்பு. அது பழுப்பாகவோ பச்சை கலந்தோ வந்தால் வெப்பமோ நேரமோ சரியில்லை.

2. ஒன்றல்ல, இடைவிடாமல் பத்து அடியுங்கள். முதலாவதையும் பத்தாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த மக் உள்ளே போனதும் வெப்பம் இறங்கும். அது மறுபடி ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. மின்னழுத்தம். வெப்பக் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். உங்கள் ஊரில் மாலையில் 230 வோல்ட் 180-க்கு இறங்கினால், 350 வாட் மெஷின் ஏறத்தாழ 214 வாட் மெஷினாகிவிடும். திரையில் எண் வர நேரம் பிடிக்கும், மக்குக்கு மக் நிறம் மாறும். மெஷின் மேல் பழி போடும் முன் வீட்டு மின்சாரத்தைப் பாருங்கள். எர்த் கம்பி இல்லாத மெஷினை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

4. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு இருக்கிறதா, அது நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். தளர்ந்தால் படம் மங்கும், அதிகமானால் மக் விரியும்.

5. வெப்பப் பட்டை தேயும் பொருள். அது தனியாகக் கிடைக்குமா, யார் மாற்றித் தருவார்கள், எத்தனை நாளில் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராத இடத்தில் வாங்க வேண்டாம்.

6. ஐந்து வேலை, எட்டு வேலை செய்யும் கூட்டு மெஷின் ஆசையைத் தூண்டும். மக் மட்டும்தான் உங்கள் தொழில் என்றால் மக்குக்கு என்றே உள்ள பிரஸ் போதும். கழற்றி மாட்ட மாட்ட இணைப்புகள் தளரும்.

விலை வித்தியாசத்தை எப்படிப் பார்ப்பது? உதாரணத்துக்கு, எல்லாச் செலவும் சேர்த்து ஒரு மக் 100 ரூபாய் ஆகிறது, 200-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மக்கில் லாபம் 1,000. அதில் ஒன்று வீணானால் வரவு 1,800, செலவு 1,000, லாபம் 800. பத்தில் ஒன்று போனால் லாபத்தில் ஐந்தில் ஒன்று போகிறது. நல்ல மெஷினுக்கு 3,000 ரூபாய் கூடுதல் என்றாலும், 150 மக் அடிப்பதற்குள் மலிவு மெஷின் அந்த 3,000-ஐத் தின்றுவிடும். விலை அதிகம் என்பதாலேயே நல்ல மெஷின் என்றும் ஆகாது. அதனால்தான் அந்தப் பத்து மக் சோதனை.

சாட்லருக்கு 1,200-இல் ஓர் ஓடு கெட்டால் ஒன்றும் ஆகாது. எல்லா ஓட்டிலும் அதே வகைப் படங்கள், இன்னொன்றை எடுத்து வைத்துவிடலாம். இன்று நம்மிடம் வருவது ஒரே ஒரு கோப்பைக்கான ஆர்டர். நாளைக்குப் பணி ஓய்வு பெறுபவருக்கு, நாளை மறுநாள் திருமண நாள் கொண்டாடுபவருக்கு. தேதியும் பெயரும் போட்ட அந்தக் கோப்பை கெட்டுப் போனால் வேறு யாருக்கும் விற்க முடியாது, மறுபடி அடிக்க நேரமும் இருக்காது. வேலை சிறியதாகச் சிறியதாக, தவறுக்கு இடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சிறு தொழில்தானே, சுமாரான மெஷின் போதும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வாங்கிய பிறகு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எந்தச் சரக்கு மக், எந்தத் தாள், எத்தனை டிகிரி, எத்தனை விநாடி, எப்படி வந்தது என்று ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். வெட்ஜ்வுட் தன் சோதனைகளை எண் போட்டு நோட்டுகளில் எழுதி வைத்தவர். பிறர் படித்துவிடக் கூடாதென்று சங்கேத எண்களில் எழுதினார். நீங்கள் தமிழிலேயே எழுதலாம். மூன்று மாதம் எழுதினால் உங்கள் மெஷினை அதை விற்றவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தத் தொழிலில் ஏற்கெனவே இருக்கும் தம்பி தங்கைகள் உங்கள் பட்டறிவைக் கீழே எழுதுங்கள். குறிப்பாக வெப்பப் பட்டை எத்தனை மக் வரை தாங்குகிறது, எந்த மாதத்தில் தாள் அதிகம் ஈரம் குடிக்கிறது என்பதை. புதிதாக வருகிறவர்களுக்கு அது என் பதிவைவிடப் பயன்படும்.